அந்த விலைக்கு மூணு புதுசு

போடி கடைவீதியில் வைகுண்டராஜ் அண்ணாச்சியின் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் என் தையல் கடை. கீழே ஆணி, பைப்பு, பெயின்ட். மேலே ஜாக்கெட், பாவாடை, சுடிதார். கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. படிக்கட்டு ஒன்றுதான். கீழே சண்டை போட்டாலும் ஜெபம் பண்ணினாலும் சத்தம் நேராக என் மிஷினுக்குத்தான் வரும். அந்தக் குடும்பத்தில் இந்தப் பூமாரிக்குத் தெரியாமல் ஒரு தும்மல்கூடக் கிடையாது.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், ஏஞ்சல். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும், இத்தனை வருஷம் அடக்கியது போதும்.

ஏஞ்சல் பிறவியிலேயே இடது கைக்காரி. அவள் அம்மா ஞானபாக்கியம் அக்கா தங்கமான மனுஷி. கடன் சொல்லாமல் கூலி கொடுப்பார், கிறிஸ்மஸுக்கு முறுக்கும் அதிரசமும் தூக்குவாளியில் வரும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிசாசு. பிள்ளை சோற்றுக்கு உட்கார்ந்தால் இடது கையை முந்தானையில் சுற்றித் தன் மடிக்குள் வைத்துக்கொள்வார்.

"நாலு பேரு வந்து போற வீடு. பீச்சாங்கையில சோறு திங்கிறவள எவன் கட்டுவான்?"

பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் ஸ்கேலால் விரல் முட்டியிலேயே போட்டுப் போட்டு எழுத்தையும் மாற்றிவிட்டார். அப்படியாகச் சோறும் எழுத்தும் வலது கைக்குப் போயின. மிச்சம் எல்லாம் இடது கையில்தான் இருந்தது. துணி வெட்ட எனக்கு ஒத்தாசைக்கு வருவாள். என் கத்திரி அவள் இடது கையில் வெட்டாது, துணியை மென்று துப்பும். கத்திரியும் சோத்தாங்கைக்காரனுக்குத்தான் செய்திருக்கிறான் என்பது எனக்கே அவளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஒரு கோடை லீவில் அவர்கள் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒருத்தர் குமுளியிலிருந்து கிட்டாரோடு வந்தார். எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு தடவை டிங் டிங் என்று தட்டிவிட்டுப் போய்விட்டன. ஏஞ்சல் மட்டும் அதைத் திருப்பிப் பிடித்தாள். இடது கையால் கம்பியைத் தட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே, "மோளே, அது அங்ஙனெயல்ல" என்று மலையாளத்தில் சொல்லித் திருப்பி வைத்தார். இவள் மறுபடி திருப்பினாள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்ததோ, அந்தச் சின்ன வயசிலேயே அவளைப் பிடித்துக்கொண்டது.

பி.காம் முடித்து வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சர்ச்சில், ஆராதனை நேரத்தில், எல்லோரும் பார்க்க, பாட்டுக்குழுவுக்குத் தன் கையால் கிட்டார் வாசிக்க வேண்டும். நகை கேட்கவில்லை, பட்டுச்சேலை கேட்கவில்லை. இது ஒரு பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்கள்.

தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக் காசு சேர்த்தாள். தொண்ணூற்றொன்பது கடைசியில், தேனியில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராக்காரர் பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை மலிவாகத் தள்ளிவிடுகிறார் என்று கேள்விப்பட்டோம். துணைக்கு நான் போனேன். சிவப்புக் கிட்டார். சைனாவோ கல்கத்தாவோ, ஒட்டியிருந்த பெயர் பாதி உரிந்து கிடந்தது. கீழ் ஓரமெல்லாம் இடிபட்டு மரம் தெரிந்தது.

"தம்பிக்கா வாங்குறீக?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குத்தான்" என்று ஏஞ்சல் அதை வாங்கித் திருப்பிப் பிடித்தாள்.

"அட, தலகீழாப் பிடிக்கிறியேம்மா! மொதல்ல பிடிக்கக் கத்துக்க. வாங்குறத அப்புறம் பாக்கலாம்."

அந்த ஆளுக்கு என் வாயால் நாலு கொடுத்திருப்பேன். ஏஞ்சல் என் கையை அமுக்கிவிட்டுக் காசை எடுத்து நீட்டினாள். பஸ்ஸில் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் காட்டப் பயம். நேராக என் கடைக்குத்தான் ஏறியது.

வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் ஆரம்பித்தது. வலது கைக்காரர் கிட்டாரை அப்படியே திருப்பினால் ஆகாதாம். தடித்த கம்பி மேலேயும் மெல்லிய கம்பி கீழேயும் இருக்க வேண்டும், திருப்பினால் அது மாறிவிடும். கம்பியை மாற்றிக் கட்டலாம் என்றால், கழுத்து முடிகிற இடத்தில் கம்பிகள் உட்கார ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டை இருக்கிறது. தடித்த கம்பிக்கு அகலக் கோடு, மெல்லிய கம்பிக்கு ஊசிக் கோடு. மாற்றிக் கட்டினால் ஒன்று நுழையாது, இன்னொன்று ஆடும். அதைத் தட்டி எடுத்துவிட்டாள். புதுசுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்த வீடு. தொடை எலும்பைக் கழுவி, வேகவைத்து, வெயிலில் காயப்போட்டு, அப்பா கடை அரத்தால் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்தால் எழும்பும் நாற்றம் இருக்கிறதே! ஜாக்கெட் தைக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பூமாரி, ஓங்கடையில என்ன செத்துக் கெடக்கு?" என்று கேட்டார்கள். இரண்டு எலும்பு வீணாய்ப் போனது. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது.

"நாயி கூட எலும்பக் கடிச்சிட்டுப் போட்டுரும். இவ கொஞ்சிக்கிட்டு இருக்கா" என்றார் ஞானபாக்கியம் அக்கா.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகள், கிட்டாரைத் திருப்பியதும் மேல்பக்கம் வந்து அவள் முழங்கையில் இடித்தன. அவற்றைப் பிடுங்கிக் கீழே புது ஓட்டை போட்டாள். பழைய ஓட்டையை மரத்துண்டு வைத்துப் பட்டி பூசி அடைத்தாள். கழுத்தின் அடிவரை விரல்கள் எட்டுவதற்காக, திருப்பியதில் கீழே வந்துவிட்ட உடம்பின் கொம்பு முனையைப் பாதி இழைத்துத் தள்ளினாள். கேட்டுக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்டை எடுத்து முழுக்க அடித்தாள். என் டேப் ரெக்கார்டரில் சொருகிப் பார்த்தால், வாசிக்காமலே உர்ர்ர் என்று இரைந்தது. டியூப் லைட்டை அணைத்தால் இரைச்சல் குறைந்தது. அதற்காக நான் இருட்டிலா ஊசி கோக்க முடியும்? தேயிலைப் பெட்டிக்குள் வருகிற வெள்ளிக் காகிதத்தை எங்கேயோ வாங்கிவந்து, கிட்டாரின் வயிற்றுக்குள் சுற்றிலும் ஒட்டி, ஒரு ஒயரை அதில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். இரைச்சல் நின்றே போனது. அன்றைக்கு அவள் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் முதுகெல்லாம் பெயின்ட்.

அண்ணாச்சி தடுக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். எந்த மரத்துக்கு எந்த நம்பர் உப்புத்தாள் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். ஆனால் கிட்டார் என்று வாயால் சொன்னதில்லை. "அந்தக் கட்டை" என்பார். "அந்தக் கட்டை வேல முடிஞ்சா அரத்த எடுத்த எடத்துல வை."

நான் தோளில் மாட்ட நாடா தைத்துக் கொடுத்தேன், இரண்டு மடிப்புக் காடாத்துணி, உள்ளே பஞ்சு. ஆவணியில் எல்லாம் முடிந்தது. புதிதாக வந்திருந்த போதகர், பாட்டுக்குழுப் பெண்கள் சொல்லி, மாடியேறி வந்து ஒரு பாட்டுக் கேட்டார். இறங்கும்போதே, "கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நீயே வாசிம்மா" என்றார்.

கீழே அண்ணாச்சி நெளிந்தார். "ஐயா, புள்ள பீச்சாங்கையால வாசிக்குது. சந்நிதியில அது..."

"கையக் குடுத்ததே அவருதான அண்ணாச்சி."

அதற்கு மேல் அண்ணாச்சியால் என்ன சொல்ல முடியும்? இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கல்லாவில் உட்கார்ந்தபடி மகளைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, அந்தக் கிட்டார அறுப்பின் பண்டிகையில வச்சு எடுத்துருவமா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் விளைச்சலைச் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். வாழைத்தார், பூசணி, சேவல், ஏலக்காய், காப்பிக்கொட்டை, இலவம்பஞ்சுத் தலையணை எல்லாம் குவியும். ஆராதனை முடிந்ததும் வளாகத்திலேயே ஏலம். வருகிற காசு சபைக்கு. அந்தச் சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டுக்குப் புதிதாக ஏதாவது வாங்கினால் அதையும் கொண்டுவந்து வைப்பார்கள். வைத்தவரே ஏலத்தில் கேட்டுத் திருப்பி எடுத்துக்கொள்வார். ஆண்டவரிடம் கொடுத்து அவரிடமிருந்தே வாங்கியதாகக் கணக்கு. அதற்குப் போட்டியாக வேறு யாரும் கேட்கமாட்டார்கள். அது மரியாதை.

ஏஞ்சல் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சரி என்றாள். ஏன் என்று மேலே வந்து என்னிடம் சொன்னாள்: "அப்பா மொதத் தடவையா கிட்டாருன்னு சொல்லிட்டாகக்கா." அவள் முகத்தில் அப்போது அப்படி ஒரு சந்தோஷம்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது, பந்தலுக்குள் கறிக்குழம்பு வாசம். ஏலம் விடுகிறவர் காமராஜ். மற்ற நாளில் ஏலக்காய் ஏலக் கம்பெனியில் வேலை. வாய் ஓயாது. கிட்டார் முறை வந்ததும், "வாசிச்சுக் காட்டும்மா. சும்மா தூக்கிக் காட்டுனா வெறகுன்னு நெனச்சிருவாக" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏஞ்சல் சர்ச் மைக்செட்டில் ஒயரைச் சொருகிவிட்டு, நான் தைத்த நாடாவை மாட்டிக்கொண்டு வாசித்தாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கோழிகூடக் கத்தாமல் இருந்தது எனக்குத் தெரியும். முடித்ததும் கை தட்டினார்கள். போதகர் அண்ணாச்சியைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு கௌரவமான தொகையைச் சொன்னார். காமராஜ் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று முடிக்கப் போனார்.

அப்போது ஜவுளிக்கடை இம்மானுவேல் கையைத் தூக்கினார்.

இம்மானுவேலுக்கும் அண்ணாச்சிக்கும் சபைக் கமிட்டியில் ஆகாது. ஆனால் அன்றைக்கு அவருக்கு இருந்தது வன்மம் மட்டுமில்லை. "கிட்டாரு என்னமாப் பேசுது! நம்ம பய வினோத்ராஜுக்கு ஆகும்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? பேசியது அவள் கை. இவர் கட்டையை விலை கேட்கிறார்! அவள் நன்றாக வாசித்ததே வினையாகப் போனது.

அண்ணாச்சி விலையை ஏற்றினார். இம்மானுவேலும் ஏற்றினார். காமராஜ் விடுவாரா? "ஆண்டவருக்குப் போற காசு, அள்ளி விடுங்கண்ணே!" என்று உசுப்பினார். அந்த வார்த்தைக்குப் பிறகு வழக்கம் மரியாதை என்று யார் வாய் திறக்க முடியும்? போதகர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்துக்கு ஒரே குஷி. ஏஞ்சல் கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே நடுவில் நின்றுகொண்டு, விலை சொல்கிற இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் சேர்த்து ஏலம் விடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

விலை மேலே போகப் போக அண்ணாச்சி முகம் கடைக்காரர் முகமாக மாறியது. வாங்கிய விலை என்ன, கேட்கிற விலை என்ன என்று அவர் மண்டைக்குள் தராசு ஆடியது. கடைசியில் கையைக் கீழே போட்டார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்துக்கொண்டே சொன்னார்.

"விடுங்கய்யா, அந்த வெலைக்கு மூணு புதுசு வாங்கலாம்."

கூட்டம் சிரித்தது. காமராஜ் மூன்றாம் தரமும் சொல்லிவிட்டார்.

இம்மானுவேல் ஏஞ்சலுக்கு எதிரே வந்து கையை நீட்டினார். அவள் நாடாவைக் கழற்றி, கிட்டாரைக் கழுத்தோடு பிடித்து நீட்டினாள். பின்னாலிருந்து ஞானபாக்கியம் அக்கா, "சோத்தாங்கையால குடுடி!" என்றார்.

கையை மாற்றிக் கொடுத்தாள்.

மறுநாளே நான் அவளை இழுத்துக்கொண்டு இம்மானுவேல் வீட்டுக்குப் போனேன். அது இடது கைக்குச் செய்தது, உங்கள் பையனுக்கு ஆகாது, கொடுத்த காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுகிறோம் என்று கெஞ்சினேன். "காணிக்கையில எடுத்தத திருப்பி விக்கக் கூடாதும்மா, பாவம்" என்றார். சாமி பேரைச் சொல்லி ஒரு கதவைச் சாத்தினால் அதைத் திறக்க எந்தச் சாவியும் கிடையாது.

சரி, அப்பாதான் மூன்று புதுசு வாங்கலாம் என்றாரே? கேட்டாள். நான் மிஷினில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "கிறிஸ்மஸ் யாவாரம் முடியட்டும் ஆத்தா" என்றார். கிறிஸ்மஸ் போய் மறுபடி கேட்டாள். "மாப்பிள்ள பாக்குற நேரத்துல எதுக்கு அதெல்லாம்" என்றார். இன்னொரு தடவை கேட்டபோது ஆணி எடை போடுகிற சத்தம்தான் வந்தது. அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

அந்தக் கிறிஸ்மஸுக்கு அந்தக் கிட்டார் சர்ச்சில் வாசிக்கப்பட்டது. வினோத்ராஜ் வாசித்தான். மதுரைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றி வாங்கி வந்திருந்தான். எலும்பைப் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக், திருகுக்கு மறுபடி புது ஓட்டை. உள்ளே இருந்த வெள்ளிக் காகிதத்தைக் குப்பை என்று உருவி எறிந்துவிட்டார்களாம். அது இரைந்த இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை. நடுவில் நிறுத்திவிட்டு, "அவ என்னத்தையோ நோண்டிக் கெடுத்து வச்சிருக்கா" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஏஞ்சல் பாட்டுக்குழுவில் கடைசி வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். சர்ச்சின் கடைசியில் நின்ற எனக்கு அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

அடுத்த வருஷமே கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூடலூரில் மிளகு வியாபாரம், குமுளி ரோட்டில் குடோன். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், நல்ல மனுஷன்தான். ஆனால் வீட்டில் மிளகு விலையைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது. இவள் குடோனில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊருக்கு வந்தால் மாடியேறி என் கடைக்கு வராமல் போகமாட்டாள். ஒரு தடவை பேசிக்கொண்டே என் கத்திரியை எடுத்து ஒரு துணியை வெட்டினாள். நேராக, நூல் பிடித்த மாதிரி வெட்டினாள். அப்புறம்தான் பார்த்தேன், கத்திரி அவள் வலது கையில் இருந்தது.

"என்னடி இது?"

"பழகிருச்சுக்கா" என்றாள்.

போன வருஷம், இரண்டாயிரத்து ஒன்பதில், அறுப்பின் பண்டிகைக்கு அவள் வந்திருந்தாள். அதே பந்தல், அதே காமராஜ். தலை மட்டும் நரைத்திருந்தது. வாழைத்தாரெல்லாம் முடிந்த பிறகு காமராஜ் ஒரு கிட்டாரைத் தூக்கினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கறுப்புப் பெயின்ட் உரிந்து உள்ளே சிவப்புத் தெரிந்தது. இம்மானுவேல் வீட்டில் வெள்ளை அடிக்கும்போது பரணிலிருந்து இறக்கியதாம், காணிக்கையாகத் திரும்பி வந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. இம்மானுவேலும் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி துள்ளி எழுந்து கையைத் தூக்கினார். ஒரு சேவல் விலைகூட இல்லை. அவருக்கே விட்டார்கள்.

எழுபதை நெருங்குகிற மனுஷன், சின்னப்பிள்ளை மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இந்தா ஆத்தா. போனது தன்னால வந்துருச்சு பாரு!"

ஏஞ்சல் வாங்கினாள். பழக்கத்தில் கை தானாக அதைத் திருப்பிப் பிடித்தது. கம்பிமேல் இடது கை விரலை ஓட்டிவிட்டு நிறுத்தினாள். கழுத்தின் மேலே இருந்த பிளாஸ்டிக் கட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"வலது கைக்கு மாத்திட்டாகப்பா."

"அதனால என்ன? சாப்பிடப் பழகிக்கிறலயா, எழுதப் பழகிக்கிறலயா? இதையும் பழகிக்க."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஏஞ்சல் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் அதைக் கேட்டாள்.

"அந்த வெலைக்கு மூணு புதுசு வாங்கலாம்னு சொன்னீக. ஒண்ணுகூட வாங்கித் தரலயேப்பா."

அண்ணாச்சி நிஜமாகவே திகைத்துப் போனார்.

"நீ கேக்கவே இல்லையே ஆத்தா! கேட்டிருந்தா வாங்கித் தந்திருக்க மாட்டனா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். அவர் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறவள் என்பதெல்லாம் மறந்துபோனது. "கேட்டுச்சு அண்ணாச்சி! அம்புட்டுத் தடவ கேட்டுச்சு! நான் மாடியில உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்!" என்று கத்திவிட்டேன். பந்தலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படியா?" என்றார் அண்ணாச்சி. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருக்கு ஞாபகமே இல்லை.

ஏஞ்சல் கிட்டாரை விற்காத பூசணிக்காய் ஒன்றின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பந்தி பரிமாற ஆள் வேண்டும் என்று கூப்பிட்ட பக்கம் போனாள். அண்ணாச்சி அவளை என்னவோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் காமராஜ் ஒரு சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கி விலை கேட்டார். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார்.